அக்ரோபோரிடே குடும்பத்துப் பவளங்கள்: படத்தைப் பார்த்து எதுவரை பெயர் சொல்லலாம்?

கேள்வியின் சாரம் இதுதான்: மன்னார் வளைகுடாவின் கீழக்கரைத் தீவுகளை ஒட்டிக் கல்லூரிக் களப்பணியில் எடுத்த பவளப் படங்கள் கையில் இருக்கின்றன. கிளை கிளையாக இருக்கும் ஒன்றை, படம் பார்த்துப் பெயர் சொல்லும் செயலி ‘அக்ரோபோரா ஃபார்மோசா’ என்கிறது, வழிகாட்டி நூலோ ‘அக்ரோபோரா மியூரிகேட்டா’ என்கிறது. விரல் விரலாக இருக்கும் இன்னொன்றை ஒருவர் மான்டிபோரா என்கிறார், மற்றவர் போரைட்டீஸ் என்கிறார். இவையெல்லாம் அக்ரோபோரிடே குடும்பம்தானா, அந்தக் குடும்பத்தில் வேறு யார் யார் இருக்கிறார்கள், அறிக்கையில் எந்தப் பெயரை எழுதுவது? இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எந்தக் குடும்பம், எந்தப் பேரினம் என்பதற்கு நல்ல படம் இருந்தால் உறுதியாகவே பதில் சொல்லிவிடலாம். எந்தச் சிற்றினம் என்பதற்குப் பல நேரம் படத்தை வைத்துப் பதில் சொல்லவே முடியாது. செயலி சொல்கிறதே என்று எழுதினால் அறிக்கை கெட்டுப்போகும்.

முதலில் குடும்பம். கல்பவளங்களில் இதுதான் ஆகப் பெரியது. பவளத்திட்டுகளைக் கட்டும் இனங்கள் எண்ணூறு சொச்சம் என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இதற்குள் அடங்கும். இப்போதைய வகைப்பாட்டில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பேரினங்கள் ஆறு: அக்ரோபோரா, மான்டிபோரா, ஆஸ்ட்ரியோபோரா, ஐசோபோரா, அனாக்ரோபோரா, அல்வியோபோரா. அக்ரோபோராவில் நூற்றுக்கு மேற்பட்ட சிற்றினங்கள் இருக்கின்றன. சரியான எண்ணிக்கை யாரிடம் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது, அதன் காரணத்துக்குப் பின்னால் வருகிறேன். மான்டிபோராவில் எண்பதை ஒட்டி வரும். மற்ற நான்கும் சிறிய பேரினங்கள். பொதுவான அடையாளங்கள் என்றால், அல்வியோபோராவைத் தவிர்த்த மற்றவற்றில் பாலிப் (பவளக் கூட்டத்தின் ஒவ்வொரு சிற்றுயிரும்) உட்காரும் கிண்ணம் மிகச் சிறியதாக இருக்கும். கிண்ணத்துக்குள் இருக்கும் தடுப்புகள் இரண்டு சுற்றுக்கு மேல் போகாது. சுண்ணாம்புக்கூடு நுண்துளைகள் நிறைந்து லேசாக இருக்கும். கிண்ணத்தின் நடுவில் தூண் இருக்காது, இருந்தாலும் பெயருக்குத்தான். இந்த லேசான கூடுதான் இக்குடும்பத்தின் பலமும் பலவீனமும். குறைந்த சுண்ணாம்பில் வேகமாக உயரலாம், அதே காரணத்தால் ஒரு நங்கூரம் விழுந்தால் நொறுங்கியும் போகும்.

இப்போது உங்கள் முதல் படம். கிளைப்பவளம் எதைப் பார்த்தாலும் நேரே நுனிக்குப் போங்கள். அக்ரோபோராவின் ஒவ்வொரு கிளை நுனியிலும் நட்டநடுவே ஒரே ஒரு கிண்ணம் இருக்கும். அதன் வெளிவிட்டம் பெரும்பாலும் 1.5 முதல் 4 மில்லிமீட்டர். இதை நுனிக் கிண்ணம் என்று வைத்துக்கொள்வோம். கிளை நீள்வது இந்த நுனிக் கிண்ணம் முன்னே நகர்வதால்தான். அது நகர நகர, அதன் சுவரிலிருந்து பக்கக் கிண்ணங்கள் மொட்டுவிட்டுக் கிளையைச் சுற்றி அமைகின்றன. கல்பவளங்களில் இப்படி வளர்ச்சியை ஒரு நுனிப் பாலிப்பிடம் ஒப்படைத்திருப்பது அக்ரோபோராவின் தனித்தன்மை. மான்கொம்புப் பவளங்கள் ஆண்டுக்கு 10 முதல் 20 சென்டிமீட்டர் வரை நீள்வதும், உருண்டைப் போரைட்டீஸ் அதே ஆண்டில் ஒரு சென்டிமீட்டர் அளவே உயர்வதும் இதனால்தான் ஒப்பிடவே முடியாதவை ஆகின்றன. வேகமாக வளரும் நுனியில் உடனுறையும் பாசி (தசைக்குள் வாழ்ந்து நிறமும் உணவும் தரும் நுண்பாசி) குறைவாக இருப்பதால் அது வெள்ளையாகவோ வெளிர் நீலமாகவோ தெரியும். முதன்முறை கணக்கெடுப்புக்கு வருகிறவர்கள் இதை வெளிறல் (வெப்பத்தால் பாசியை இழந்து வெளுத்துப்போவது) என்று பதிவதைப் பார்க்கலாம். நுனி மட்டும் வெள்ளை, மற்ற இடமெல்லாம் பழுப்பு என்றால் அது நல்ல ஆரோக்கியமான பவளம். கிளையின் அடியிலிருந்தோ நடுவிலிருந்தோ வெள்ளை ஏறினால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும் வெளிறலா, நத்தை தின்ற வடுவா என்று பார்க்க வேண்டும். வெளிறிய பவளத்தில் கண்ணாடி போன்ற தசை இன்னும் இருக்கும், கிட்டத்தில் எடுத்த படத்தில் பாலிப் தெரியும். தின்ற இடத்தில் வெறும் கூடுதான் இருக்கும். சில நாளில் அதன்மேல் பச்சைப் பாசி படியத் தொடங்கிவிடும். ட்ரூப்பெல்லா நத்தைகள் அந்த வடுவின் ஓரத்திலேயே கிளைக்கு அடியில் ஒளிந்திருக்கும், தேடிப் பாருங்கள்.

கிளையாக இருந்தும் நுனியில் தனிக் கிண்ணம் இல்லையென்றால் அக்ரோபோரா இல்லை. அப்போது முதலில் மூன்று பேரைச் சந்தேகிக்கலாம். கிளை முழுக்கப் பருப்பருவாகப் புடைத்து, அந்தப் பருக்களின் மேலும் இடையிலும் கிண்ணங்கள் இருந்தால் பொசிலோபோரா. அது வேறு குடும்பம். பரு இல்லாமல் கிண்ணங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, சுவரைப் பங்கிட்டுக்கொண்டு தேன்கூடு போல அடைந்திருந்தால் போரைட்டீஸ், அதுவும் வேறு குடும்பம். கிண்ணங்கள் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக, ஊசியால் குத்தியது போலச் சிறிதாக, ஒன்றுக்கொன்று விலகி, நடுவில் கிண்ணமில்லாத வெற்றிடம் இருந்தால் மான்டிபோரா. உங்கள் இரண்டாவது படத்துக்கான விடை இங்கேதான் இருக்கிறது. விரல் வடிவ போரைட்டீஸும் மான்டிபோரா டிஜிட்டேட்டாவும் இரண்டடி தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி. கிட்டப் போனால் குழப்பமே இல்லை. கிண்ணங்களுக்கு நடுவே இடைவெளி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நீங்கள் விவரித்ததை வைத்துப் பார்த்தால் (“புள்ளி புள்ளியாக, புள்ளிகளுக்கு நடுவே வழவழப்பாக”) அது மான்டிபோரா. ஆழமில்லாத, சற்றுக் கலங்கலான கீழக்கரைப் பக்கத்துக்கு அது பொருத்தமான பவளமும்கூட.

மான்டிபோராவில் அந்த இடைவெளிதான் அடையாளங்களின் சுரங்கம். பல இனங்களில் அங்கே சிறு முட்களும் புடைப்புகளும் எழும்பி நிற்கும். மான்டிபோரா ஃபோலியோசாவில் அவை வரிசையாகச் சேர்ந்து தகட்டின் விளிம்பை நோக்கி ஓடும் வரப்புகளாகின்றன. ஈக்குவிடியூபர்குலேட்டாவில் கிண்ணங்களைச் சுற்றி எழுந்து ஒன்றோடொன்று இணைகின்றன. டிஜிட்டேட்டாவில் பரப்பு ஏறக்குறைய மொழுமொழு என்றிருக்கும். தகடு வடிவத்தைப் பார்த்தவுடன் டர்பினேரியாவோடு குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. டர்பினேரியாவின் கிண்ணங்கள் பெரியவை, கண்ணை இடுக்காமலே எண்ணலாம்.

மற்ற நான்கையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஐசோபோரா நீண்ட காலம் அக்ரோபோராவின் உட்பிரிவாகவே இருந்து 2007-ல் தனிப் பேரினமாக உயர்த்தப்பட்டது. தடித்த தூண், ஆப்பு, படர்ந்த மேடு என்று இருக்கும். நுனியில் ஒன்றுக்குப் பதில் பல நுனிக் கிண்ணங்கள் இருக்கும், அல்லது எதுவும் இருக்காது. அந்தமானிலும் லட்சத்தீவிலும் பழைய பட்டியல்களில் ‘அக்ரோபோரா பாலிஃபெரா’ என்று வருவது இன்றைய ஐசோபோரா பாலிஃபெரா. ஆஸ்ட்ரியோபோரா உருண்டையாகவோ தடித்த படலமாகவோ வளரும். சின்னச் சின்ன எரிமலை வாய் போன்ற கூம்புக் கிண்ணங்கள், இடையே சொரசொரப்பான முட்பரப்பு. ஃபேவியா வகை என்று தவறாக எழுதப்படுவது இதுதான் அதிகம். அனாக்ரோபோரா மெல்லிய குச்சிக் கிளைகள், நுனிக் கிண்ணம் கிடையாது, சேறு கலந்த அமைதியான நீரில் இருக்கும். அல்வியோபோராவைப் பார்த்தால் இந்தக் குடும்பம் என்றே தோன்றாது. பகலிலேயே நீட்டிய நீளமான பாலிப்புகள் பூப்போல அசையும். முன்பு அது போரைட்டிடே குடும்பத்தில்தான் இருந்தது. டிஎன்ஏ ஆய்வுகளுக்குப் பிறகு இங்கே மாற்றப்பட்டது. அதை, அதேபோல் தோன்றும் கோனியோபோராவிலிருந்து பிரிக்க ஒரே வழி, ஒரு பாலிப்பின் உணர்கொம்புகளை எண்ணுவது. 12 இருந்தால் அல்வியோபோரா, 24 இருந்தால் கோனியோபோரா.

இனி ஃபார்மோசாவா மியூரிகேட்டாவா என்ற விவகாரம். இரண்டும் ஒரே பவளத்துக்கு இருவர் வைத்த பெயர் என்பது 1999 முதல் பெரும்பாலான நூல்களின் நிலைப்பாடு. லின்னேயஸ் 1758-ல் வைத்த மியூரிகேட்டாவே மூத்தது, 1846-ல் டேனா வைத்த ஃபார்மோசா அதற்குள் அடங்கிவிட்டது. மன்னார் வளைகுடா பற்றிய கட்டுரைகள் பலவும் பழைய பெயரையே எழுதி வந்திருப்பதால் இரண்டையும் தனித்தனி இனமாக எண்ணிவிடும் ஆபத்து உண்டு. ‘அக்ரோபோரா நோபிலிஸ்’ என்று பழைய பட்டியல்களில் வருவதையும் பெரும்பாலும் இன்று இன்டர்மீடியா என்றே எழுதுகிறார்கள். ஆகவே பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் அருகருகே வைத்து “இத்தனை இனம் கூடிவிட்டது, இத்தனை மறைந்துவிட்டது” என்று கணக்குப் போடாதீர்கள். முதலில் பெயர்களைச் சமன்செய்துவிட்டுத்தான் எண்ண வேண்டும்.

இதோடு முடிந்தால் நல்லது, ஆனால் இதற்குக் கீழே தரை இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. அக்ரோபோராவின் சிற்றினங்களை இதுவரை பிரித்தது கூட்டின் உருவத்தை வைத்துத்தான்: கிளைக்கும் விதம், பக்கக் கிண்ணம் குழாயா, மூக்கு வடிவமா, கிளையோடு ஒட்டியதா, கீழ் உதடு மட்டும் நீண்டதா என்பவை. ஆனால் ஒரே இனம் அலையடிக்கும் முகப்பில் கட்டையாகவும் உள்நீரில் ஒல்லியாகவும் வளரும். ஒளி குறைந்தால் மேசை வடிவம் தட்டையாகும். இதற்கு எதிர்ப்பக்கச் சிக்கலும் இருக்கிறது. ஒரே இனம் என்று நினைத்தவை டிஎன்ஏவில் பலவாகப் பிரிகின்றன. நல்ல எடுத்துக்காட்டு அக்ரோபோரா டென்யுயிஸ். இந்தியப் பெருங்கடல் முதல் பசிபிக் வரை பரவியிருப்பதாக நூல்கள் சொன்ன இது, ஃபிஜியிலிருந்து விவரிக்கப்பட்ட இனம். 2023-ல் வெளியான ஆய்வு, ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் அந்தப் பெயரில் பல்லாண்டுகளாகச் சோதனைகளுக்குப் பயன்பட்டது உண்மையில் வேறு இனம் என்று காட்டி, 1892-லேயே வைக்கப்பட்டு மறக்கப்பட்டிருந்த கென்டி என்ற பெயரை மீட்டது. மேசைப் பவளமான ஹயசிந்தஸ் குழுவிலும் இதே பிரிப்புவேலை நடக்கிறது. இதனால்தான் அக்ரோபோராவில் எத்தனை இனம் என்ற கேள்விக்கு ஆளுக்கொரு விடை. இந்த நிலையில், வெளிநாட்டு வழிகாட்டிப் படத்தோடு ஒத்துப்போகிறது என்பதை மட்டும் வைத்து நம் கடலின் ஒரு பவளத்துக்கு உறுதியாக இனப்பெயர் சூட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்படியானால் ஒரு துண்டை எடுத்து டிஎன்ஏ பார்த்துவிடலாமே என்று அடுத்த கேள்வி வரும். மீனுக்கும் பூச்சிக்கும் பார்க்கும் சிஓஐ பார்கோடு (ஒரு மைட்டோகாண்ட்ரியா மரபணுவை வைத்து இனத்தை அடையாளம் காணும் முறை) இங்கே கைகொடுக்காது. பவளங்களில் மைட்டோகாண்ட்ரியா மரபணுக்கள் மிக மெதுவாகவே மாறுகின்றன, அதனால் நெருங்கிய இனங்களுக்கு ஒரே வரிசையே வந்து நிற்கும். போதாததற்குக் கலப்பும் உண்டு. கரீபியக் கடலின் மான்கொம்புப் பவளம் செர்விகார்னிஸும், எல்க்கொம்புப் பவளம் பால்மேட்டாவும் சேர்ந்து பிறந்த கலப்புதான் ‘அக்ரோபோரா புரோலிஃபெரா’. வெகுகாலம் அது தனி இனமாகவே எண்ணப்பட்டது. உருப்படியான பதில் வேண்டுமென்றால் மரபணுத்தொகுதியில் ஆயிரக்கணக்கான இடங்களை ஒப்பிட வேண்டும், அந்தப் பெயருக்குரிய மூலமாதிரி (பெயர் வைத்தபோது விவரித்த மாதிரி) கிடைத்த இடத்திலிருந்தே பவளம் எடுத்துவந்து பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இளங்கலைக் களப்பணிக்கு அது எட்டாத வேலை. இன்னொன்று, துண்டு எடுப்பதே சட்டப்படி சாத்தியமில்லை. கல்பவளங்கள் எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்துக் கரையொதுங்கிய துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாலும் குற்றம்தான். கூட்டைப் பார்த்துப் பழக வேண்டுமென்றால் அனுமதியோடு சேகரித்து வைத்திருக்கும் அருங்காட்சியகங்களுக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும் போய், பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸால் பாருங்கள். ஒரு நாள் அப்படிப் பார்த்தால் நூறு படம் பார்த்ததைவிடக் கண் திருந்தும்.

ஆகப் படத்தைத்தான் ஒழுங்காக எடுக்க வேண்டும். ஒரு பவளத்துக்கு நான்கு படமாவது வேண்டும். ஒரு மீட்டர் தூரத்தில் முழுக் கூட்டமும் தெரிவது ஒன்று. முப்பது சென்டிமீட்டரில் கிளைகள் பிரியும் விதம் தெரிவது ஒன்று. ஐந்து, பத்து சென்டிமீட்டரில் மேக்ரோ வைத்து நுனி ஒன்று, கிளையின் நடுப்பகுதி ஒன்று. நடுப்பகுதிப் படத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பக்கக் கிண்ணத்தின் உருவம் அங்கேதான் முதிர்ந்திருக்கும், நுனிக்கு அருகில் இருப்பவை இன்னும் உருவாகிக்கொண்டிருப்பவை. அளவுகோல் ஒன்று கட்டாயம் படத்துக்குள் இருக்க வேண்டும், மில்லிமீட்டர் கோடு போட்ட பிளாஸ்டிக் ஸ்கேல் போதும். அதைப் பவளத்தின்மேல் வைக்காமல் அருகில் பிடியுங்கள். துடுப்பை ஆட்டி மணலைக் கிளப்பிவிட்டால் நம் கடலில் பத்து நிமிடத்துக்கு எதுவும் தெரியாது. நீரோட்டத்துக்கு எதிர்முகமாக வந்து எடுத்தால் கலங்கல் பின்னால் போய்விடும். ஆழம், தேதி, தீவின் பெயர் மூன்றையும் அன்றே எழுதிவிடுங்கள்.

பேரினத்தைச் சரியாகப் பிரிப்பதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றால், வேண்டும். கணக்கெடுப்பில் நீங்கள் பயன்படுத்தும் 20 மீட்டர் கோட்டுமுறை (நாடாவை விரித்து அதன் கீழ் வருவதை வகைவாரியாக அளப்பது) அக்ரோபோராவை மட்டும் தனியாக எண்ணுகிறது: கிளை அக்ரோபோரா, மேசை அக்ரோபோரா, விரல் அக்ரோபோரா, அரைத்திரள் அக்ரோபோரா, படரும் அக்ரோபோரா. மான்டிபோரா அதே குடும்பமானாலும் ‘மற்றவை’ பக்கத்தில்தான் சேரும். டிஜிட்டேட்டாவைத் தவறிக் கிளை அக்ரோபோராவில் போட்டால் இரண்டு வகைகளின் கணக்கும் ஒரே நேரத்தில் கெடும். ஐசோபோராவுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அந்த முறை வகுக்கப்பட்ட காலத்தில் அது அக்ரோபோராவாகவே இருந்ததால் பழைய தரவுகளில் அரைத்திரள் அக்ரோபோரா என்ற வகைக்குள் கிடக்கும். ஒப்பிடும்போது எந்தப் பக்கம் வைத்தீர்கள் என்று அடிக்குறிப்பு எழுதிவிடுங்கள்.

இந்த வகைப் பிரிப்புக்கு உயிரியல் அர்த்தமும் இருக்கிறது. அக்ரோபோரா ஆண்டில் குறிப்பிட்ட சில இரவுகளில் முட்டையும் விந்தும் சேர்ந்த இளஞ்சிவப்புப் பொட்டலங்களை நீரில் விடும். தூத்துக்குடிப் பக்கம் மார்ச் மாதத்தில் இது பதிவாகியிருக்கிறது. அந்த முட்டையில் உடனுறை பாசி இருக்காது, குஞ்சு பிறகு கடலிலிருந்துதான் பெற வேண்டும். மான்டிபோராவும் அப்படியே முட்டையை நீரில் விடும், ஆனால் தாயின் பாசியை முட்டைக்குள்ளேயே வைத்துக் கொடுத்துவிடும். ஐசோபோரா முட்டையை வெளியே விடாமல் உள்ளேயே கருவுறச்செய்து நீந்தும் குஞ்சாக வெளியிடும். வெப்பத்தைத் தாங்குவதிலும் ஒரே குடும்பம் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பொதுவாகச் சொன்னால் இது வெளிறலுக்கு முதலில் ஆளாகும் குடும்பம்தான். மன்னார் வளைகுடாவில் 2010, 2016 கோடைகளில் போரைட்டீஸ் போன்ற உருண்டைப் பவளங்களைவிட அக்ரோபோராவும் மான்டிபோராவும் பொசிலோபோராவும்தான் அதிகம் செத்தன. ஆனால் ஹவாயின் மான்டிபோரா கேப்பிடேட்டா, வெளிறியிருக்கும்போது மிதவை உயிர்களைக் கூடுதலாகப் பிடித்துத் தின்று தன் ஆற்றல் தேவையை ஈடுகட்டிவிடுவதை 2006-ல் வெளியான ஆய்வு காட்டியது. எல்லா மான்டிபோராவுக்கும் அந்தத் திறன் உண்டு என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது.

மீட்புப் பணியில் அக்ரோபோராவை அதிகம் நடுவதற்கும் காரணம் அதன் வேகம்தான். ஒடிந்த துண்டு பிடித்துக்கொண்டு வளரும் என்பதால், தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் துண்டு நடும் பணியைச் செய்துவருகிறது. ஆனால் ஒரே இனத்தை, அதுவும் ஒரே தாயின் துண்டுகளை நிறைய நட்டால் ஒரு கோடையில் எல்லாம் போய்விடலாம். 2023 வெப்ப அலையில் ஃபுளோரிடாவில் பல ஆண்டுகளாக நட்டு வளர்த்த மான்கொம்பும் எல்க்கொம்பும் பெருமளவில் அழிந்தன. நம் பக்கம் வெப்பம் மட்டுமே எதிரியும் இல்லை. குருசடைத் தீவில் காப்பாஃபைக்கஸ் கடல்பாசி கிளை அக்ரோபோராவின் மேல் பாய் போல மூடி வளர்ந்தது 2008-லேயே பதிவானது. கிளைகளுக்கு இடையே இழை சிக்கிக்கொள்வதால் இந்த வடிவத்துக்குத்தான் பாதிப்பு அதிகம். உங்கள் படங்களில் அப்படி ஏதும் தெரிந்தால் இனப்பெயரைவிட அதைக் குறிப்பதே பயனுள்ளது.

அறிக்கைக்கு வருவோம். முதல் படத்துக்கு நுனிக் கிண்ணம் தெரிந்தால் “அக்ரோபோரா, கிளை வடிவம், மியூரிகேட்டாவை ஒத்தது” என்று எழுதுங்கள். பழைய கட்டுரையோடு ஒப்பிடும் இடத்தில் “ஃபார்மோசா என்ற பெயரில்” என்று சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவதற்கு “மான்டிபோரா, விரல் வடிவம், டிஜிட்டேட்டாவாக இருக்கலாம்”. நுனியோ கிண்ணமோ தெரியாத படங்களுக்கு “கிளைப்பவளம், பேரினம் உறுதியில்லை” என்பதே சரி, மதிப்பெண் குறையுமே என்று பெயர் போடாதீர்கள். செயலி கொடுத்த பெயரை அட்டவணையில் தனி நெடுவரிசையில் வைத்துக்கொள்ளலாம். அசல் படங்களைச் சுருக்காமல், எண் போட்டு, துறையிலேயே சேமித்து வையுங்கள். அக்ரோபோராவின் பெயர்கள் மாறும்போது பின்னால் வருகிறவர் திரும்பப் பார்க்க அவை தேவைப்படும்.